கத்திரி வெயிலில் இலை கருகிய மாடித்தோட்டச் செடிகளைப் பிடுங்கிவிடலாமா?

மொட்டைமாடிச் செடிகள் எல்லாம் இலை கருகி நிற்கின்றன, பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடியில் புதிதாக விதைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்காதீர்கள். நான் பிடுங்கிவிட்டு வயிற்றெரிச்சல் பட்டவள்.

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். பக்கத்திலேயே பாறை மலை, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி நம்மிடம் திருப்பித் தரும். மே மாதம் 40 டிகிரி தாண்டுவதெல்லாம் இங்கே செய்தியே இல்லை. இரண்டு வருடம் முன்பு 15 பைகளில் முள்ளுக் கத்தரி வைத்திருந்தேன், புவிசார் குறியீடு வாங்கியதே, அதே இலவம்பாடிக் கத்தரிதான். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் துவண்டு தொங்கும், மனசு கேட்காமல் உடனே குழாயைத் திறந்து ஊற்றிவிடுவேன். ஒரு நாள் அந்தத் தண்ணீர் காலில் பட்டுத் துள்ளிவிட்டேன். வெயிலில் கிடந்த டியூபுக்குள் இருந்த தண்ணீர், டீத்தூள் போட வேண்டியதுதான் பாக்கி. பத்து நாளாக அதைத்தான் வேரில் ஊற்றியிருக்கிறேன்!

சரி, செத்துவிட்டது என்று ஆறு செடியைப் பிடுங்கிப் போட்டேன். அன்றைக்குப் பார்த்து பக்கத்து ஊரான அணைக்கட்டிலிருந்து அத்தை வந்தார். குப்பையில் கிடந்த ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறினார், உள்ளே பச்சை. "உசுரு இருக்குதேம்மா, ஏன் புடுங்கின?" என்றார். மீதி ஒன்பதையும் கீறிப் பார்த்து, பச்சையாக இருந்த ஏழு செடிகளை விட்டுவைத்தோம். காலை ஆறு மணிக்குள் தண்ணீர், மேலே 50 சதவீத நிழல்வலை, பை மண்ணின் மேல் நாலு விரல் கனத்துக்கு வேர்க்கடலைத் தோல், அவ்வளவுதான். உரம் எதுவும் போடவில்லை. மழை விழுந்ததும் அடித்தண்டிலிருந்து துளிர்த்தது.

கருகிய இலையை உடனே வெட்டு என்று சிலர் சொல்வார்கள், சண்டைக்கு வராதீர்கள், நான் விவசாயம் படித்தவள் இல்லை. ஆனால் அந்தக் காய்ந்த இலைதான் தண்டுக்குக் குடை, வெயில் தணிந்தபின் வெட்டினால் போதும். மதியம் துவண்ட செடி சாயங்காலம் தானே நிமிர்ந்தால் தண்ணீர்க் குறை இல்லை என்று அர்த்தம், மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். தக்காளிப் பூ உதிர்கிறதென்று மருந்து வாங்கி ஏமாறாதீர்கள், 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப்போய் அது உதிரத்தான் செய்யும்.

எங்கள் மாடிக்கு முன்பெல்லாம் வலையே தேவைப்படவில்லை, மேற்குப் பக்கம் பக்கத்து வீட்டுப் புங்கமரம் இருந்தது. காரில் இலை கொட்டுகிறதென்று அந்த மனிதர் வெட்டிவிட்டார். இப்போது அந்தக் காரைத் தினமும் எங்கள் சுவரோரமாக நிறுத்துகிறார். கேட்டால், இங்கேதான் நிழலாம்.