1,386 பிழைகளும் 1,899 ரூபாயும்

கேள்வி: என் லேப்டாப் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து வேலையைத் தொடங்குவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடுகிறது. கணினியை வேகப்படுத்தும் என்று விளம்பரம் பார்த்து ஒரு மென்பொருளை இறக்கினேன். இலவசமாகச் சோதித்துவிட்டு 1,386 பிழைகள் இருப்பதாகச் சொல்கிறது. சரிசெய்ய ஆண்டுக்கு 1,899 ரூபாய் கேட்கிறது. வாங்கலாமா? ஆபத்து ஏதும் உண்டா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) வாங்கிப் போடுங்கள்.

முதலில் அந்த 1,386 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரவுசரில் சேர்ந்த குக்கிகள், தற்காலிகக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரியில் தங்கிப்போன பழைய பதிவுகள் என எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எண்ணி, 'பிழை' என்று பெயர் சூட்டிச் சிவப்பு எழுத்தில் காட்டுவதுதான் இந்த மென்பொருள்களின் வழக்கம். நேற்று வாங்கிய கணினியில் ஓட்டினாலும் ஏதாவது தேறும். குறைந்த எண்ணைக் காட்டினால் யார் பணம் கட்டப்போகிறார்கள்?

இவற்றில் ரெஜிஸ்ட்ரிதான் மக்களை அதிகம் பயமுறுத்துகிறது. விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம் அது. லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். எப்போதோ நீக்கிய பிரிண்டர் மென்பொருள் நான்கைந்து பதிவுகளை அங்கே விட்டுப் போயிருக்கலாம். அதனால் என்ன? விண்டோஸ் தனக்கு வேண்டிய பதிவை அதன் முகவரியைக் கொண்டு நேராகப் போய் எடுக்கிறது. முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டிருப்பதில்லை. யாரும் தேடாத பதிவால் வேகம் குறைவதில்லை. ஆனால் தேவையான ஒரு பதிவைத் தவறாக நீக்கிவிட்டால் ஒரு மென்பொருள் திறக்க மறுக்கும். நிலைமை முற்றினால் விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டிவரும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

ரேமை, அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை, காலிசெய்து தருவதாகச் சொல்லும் 'ரேம் பூஸ்டர்' உங்கள் கணினிக்குக் கெடுதலே செய்யும். காலியாக இருக்கும் ரேமில், அடுத்துத் தேவைப்படக்கூடியவற்றை விண்டோஸ் முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்றால் அந்தக் கணமே விட்டுக்கொடுத்துவிடும். பூஸ்டர் பட்டனை அழுத்தினால், திறந்திருக்கும் மென்பொருள்களின் தகவலும் சேர்ந்து ரேமிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. திரையில் எண் இறங்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிரவுசருக்குத் திரும்பியதும் அது எல்லாவற்றையும் மந்தமான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும். இவை செய்வதாகச் சொல்லும் டிஃப்ராக் (டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது), குப்பைக் கோப்புகளை நீக்குவது ஆகியவற்றை விண்டோஸே இலவசமாகச் செய்கிறது; குப்பைக் கோப்புகளுக்குச் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்பதை ஆன் செய்தால் போதும். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களுக்கு விண்டோஸ் அப்டேட்டும் லேப்டாப் நிறுவனத்தின் இணையதளமும் இருக்கின்றன.

இனி ஆபத்து. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடர், வாடிக்கையாளர்களின் கணினிகளை 'பிசி ஹெல்த் செக்' என்ற மென்பொருளால் சோதித்து வந்தது. தொடக்கத்தில் நான்கு கேள்விகள் வரும்: கணினி மெதுவாகிவிட்டதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போல. அவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் செய்தால் போதும், வைரஸ் போன்ற தீநிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். ஸ்கேன் செய்வது போலத் திரையில் ஓடியதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்பது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019-இல் ஆபீஸ் டிப்போவும் மென்பொருளை வழங்கிய சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு சைப்ரஸ் நிறுவனங்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலர் செலுத்தின. மென்பொருளை வாங்கியவர்களை ஓர் எண்ணுக்கு அழைக்கச் செய்து, இன்னும் விலையுயர்ந்த 'டெக்னீஷியன்' சேவையை அவர்கள் தலையில் கட்டுவதும் அதில் சேர்த்தி.

நல்ல பெயருள்ள மென்பொருளே ஆனாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இவற்றுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்தால்தான் வேலை செய்யும். வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. 2017-இல், கணினியைச் சுத்தம் செய்யும் பிரபல மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் ஹேக்கர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து முறையாக இறக்கியவர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது, சுமார் 22.7 லட்சம் கணினிகள். சிகிளீனரை மோசடி மென்பொருள் என்று நான் சொல்லவில்லை. கிடைக்கும் சிறு பலனுக்கு இந்த அளவு நம்பிக்கை வைக்கத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

உங்கள் லேப்டாப்பின் மந்தத்துக்குக் காரணத்தை நீங்களே பார்த்துவிடலாம். ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'டிஸ்க்' என்ற பத்தியைக் கவனியுங்கள். முதல் சில நிமிடங்கள் அது 100 சதவீதத்திலேயே நின்றால், நான் நினைப்பதுதான் காரணம்: சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க், ஒரே நேரத்தில் வரும் நூறு வேலைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போய், கணினியை ஆன் செய்ததும் தானாகத் தொடங்கும் மென்பொருள்களில், ஆன்டிவைரஸைத் தவிர, தினமும் தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். இது இலவசம், பலனும் உடனே தெரியும்.

அதன் பிறகு எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்புக்கு இதைப் போல் உயிர் கொடுப்பது வேறொன்றும் இல்லை. 240 அல்லது 256 ஜிபி உங்களுக்குப் போதும். படங்களையும் வீடியோக்களையும் பழைய டிஸ்க்கில், அதற்கென விற்கும் யுஎஸ்பி உறைக்குள் போட்டு வெளியே வைத்துக்கொள்ளலாம். கூடுதல் ரேமுக்கு ஸ்லாட் இருக்கிறதா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்; 8 ஜிபி ஆக்கினால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் திணறாது. இதைத் தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால் அந்த 1,386-ஐவிட இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று தெரியும். ஆம் என்றால் எஸ்எஸ்டி போடும்போதே அதையும் நிறுவச் சொல்லுங்கள்.

இறக்கிய சோதனைப் பதிப்பை 'ஆப்ஸ்' பட்டியலில் தேடி நீக்கிவிடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒருமுறை முழு ஸ்கேன் ஓட்டுங்கள். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் பணம் கட்டியிருந்தால், ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்கலாம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வங்கிச் செயலியில் கார்டுக்கான தானியங்கிப் பணப்பிடித்த அனுமதிகளைத் திறந்து, அந்தப் பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள். தொலைபேசியில் யாராவது அழைத்து உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்து, கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள்.