ஹெல்ப்பர் மெத்தட்களை எல்லாம் எக்ஸ்டென்ஷனாக மாற்றலாமா?

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை சி ஷார்ப்பில் எழுதிவருகிறேன். 'ஹெல்ப்பர்' என்ற ஒரே கிளாஸில் அறுபது ஸ்டாட்டிக் மெத்தட்கள் சேர்ந்துவிட்டன. அனைத்தையும் எக்ஸ்டென்ஷன் மெத்தட்களாக மாற்றிவிடலாமா?

பதில்: ஒரு வகையின் நிரலைத் தொடாமல் வெளியே எழுதி, அதன் சொந்த மெத்தட் போலவே அழைக்கக்கூடிய ஸ்டாட்டிக் மெத்தட்தான் எக்ஸ்டென்ஷன். சிலவற்றைத் தாராளமாக அப்படி மாற்றுங்கள். தொகையை 12,34,567 என்று இந்திய முறையில் காட்டுவது, ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் உள்ளனவா என்று பார்ப்பது போன்றவை அதற்கு ஏற்றவை. டெசிமல், ஸ்ட்ரிங் ஆகிய வகைகளை நாம் திருத்த முடியாது; எக்ஸ்டென்ஷனாக எழுதினால் நிரலைப் படிப்பது எளிதாகும்.

தள்ளுபடிக் கணக்கை மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள். 'வாடிக்கையாளர்' என்ற கிளாஸும், அதிலிருந்து பிறந்த 'மொத்த வாடிக்கையாளர்' என்ற கிளாஸும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 'தள்ளுபடி' என்று தனித்தனி எக்ஸ்டென்ஷன் எழுதுகிறீர்கள். வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றைச் சுற்றிவந்து ஒவ்வொருவருக்கும் அதை அழைத்தால், மொத்த வியாபாரிக்கும் சில்லறைத் தள்ளுபடிதான் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் என்பது தோற்றத்தில்தான் கிளாஸின் உறுப்பு. கம்பைலர் அதைச் சாதாரண ஸ்டாட்டிக் அழைப்பாகவே மாற்றுகிறது. எதை அழைப்பது என்பதை, மாறியை எந்த வகையாக அறிவித்தீர்கள் என்பதை வைத்துக் கம்பைல் ஆகும்போதே முடிவுசெய்துவிடுகிறது. உள்ளே உண்மையில் இருக்கும் ஆப்ஜெக்ட் எது என்று பார்ப்பதில்லை. பிழைச் செய்தி எதுவும் வராது, பில் மட்டும் தவறாகப் போகும். என்னை மிகவும் அஞ்சவைக்கும் பிழை இதுதான். தள்ளுபடி உங்கள் சொந்த கிளாஸின் வேலை. அதை அங்கேயே விர்ச்சுவல் மெத்தடாக (உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டைப் பார்த்து, ஓடும்போது தேர்வாகும் மெத்தட்) எழுதி, பிறந்த கிளாஸில் ஓவர்ரைடு செய்யுங்கள்.

2007இல் சி ஷார்ப் 3.0 இந்த வசதியைக் கொண்டுவந்ததே, தரவுகளை நிரலுக்குள்ளேயே வினவ உதவும் லிங்க்குக்காகத்தான் (LINQ). பழைய இன்டர்ஃபேஸ்களில் கைவைக்காமலே வடிகட்டல், வரிசைப்படுத்தல் போன்றவற்றை அவற்றின்மேல் சேர்க்க வேண்டியிருந்தது. பிறர் எழுதிய வகைகளுக்கு என்பதே இன்றும் நல்ல அளவுகோல்.

இன்னொன்று: கிளாஸிலேயே அதே பெயரில், அதே அழைப்புக்குப் பொருந்தும் மெத்தட் இருந்தால் அதற்கே முன்னுரிமை. நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தின் புதிய பதிப்பில் அப்படியொன்று சேர்ந்தால், மறுமுறை கம்பைல் செய்யும்போது உங்களுடையது சத்தமின்றி ஒதுக்கப்பட்டுவிடும். ஆகவே பொதுவான பெயர்களைத் தவிருங்கள். நல் (null, அதாவது ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாத) மதிப்பின் மீதும் எக்ஸ்டென்ஷனை அழைக்க முடியும் என்பதால், மெத்தடின் முதல் வரியிலேயே அதைச் சோதித்துவிடுங்கள்.

அறுபதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் ஸ்ட்ரிங், டெசிமல், தேதி என்று வகைக்கு ஒரு கிளாஸாகப் பிரித்து, தனி நேம்ஸ்பேஸில் வையுங்கள். எதிலும் சேராமல் மிஞ்சுபவற்றில் பெரும்பாலானவை தள்ளுபடி, வரி போன்ற கணக்குகளாகவே இருக்கும். அவற்றை உரிய கிளாஸுக்குள் கொண்டுபோங்கள்.