கணினி கேள்வி–பதில்: கையேட்டுக்குள் கட்டளையின் வெளியீடு

கேள்வி: எங்கள் மென்பொருளின் கையேட்டை ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதுகிறோம். 'ஹெல்ப்' கட்டளை திரையில் காட்டும் வெளியீட்டை அதில் ஒட்டி வைத்தால் அடுத்த பதிப்பிலேயே பழசாகிவிடுகிறது. தானாக வர வழியுண்டா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீசியஸ்

பதில்: உண்டு. 'புரோகிராம் அவுட்புட்' என்ற நீட்சியைப் பைத்தானின் நிறுவுக் கருவியான பிப் மூலம் நிறுவி, ஸ்பிங்க்ஸின் அமைப்புகள் உள்ள கான்ஃப் கோப்பின் நீட்சிப் பட்டியலில் சேருங்கள். ஒட்டிய பகுதியை அழித்துவிட்டு, அங்கே 'கமாண்ட் அவுட்புட்' என்ற குறிப்பையும் கட்டளையையும் எழுதினால் போதும். கையேட்டைக் கட்டும்போது, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து பக்கங்களை உருவாக்கும்போது, கட்டளை ஓடி, அதன் வெளியீடு பக்கத்தில் வந்து உட்காரும்.

தொல்லை இனிமேல்தான். மூலக் கோப்பு மாறாவிட்டால் ஸ்பிங்க்ஸ் அதை மறுபடி படிக்காது. நிரல் மாறியும் பழைய வெளியீடே நிற்கும். வெளியிடும் முன் 'ஹைஃபன், பெரிய ஈ' (-E) விருப்பத்தோடு கட்டுங்கள்; எல்லாக் கோப்புகளும் புதிதாகப் படிக்கப்படும்.

உங்கள் ஊரில் பல கணினிகள் பிரெஞ்சில் அமைந்திருக்கும். அங்கே கட்டினால் கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) போன்றவற்றின் செய்திகள் ஆங்கிலக் கையேட்டுக்குள் பிரெஞ்சில் வரும். மொழியைத் தீர்மானிக்கும் 'எல்சி ஆல்' (LC_ALL) என்ற சூழல் மாறிக்கு 'சி' (C) என்று மதிப்புக் கொடுங்கள். நேரம் அச்சிடும் கட்டளையானால் நேர மண்டலத்தைக் குறிக்கும் 'டிஇசட்' (TZ) மாறியை உலகப் பொது நேரமான யூடிசி (UTC) ஆக்குங்கள்; இல்லையேல் உங்கள் மேசைக் கணினிக்கும் யூடிசியில் ஓடும் சர்வருக்கும் 4 மணி வித்தியாசம் காட்டும். வரி மடியும் அகலம் ஆளுக்கு ஆள் மாறாதிருக்க 'காலம்ஸ்' (COLUMNS) மாறியை 80 ஆக்குங்கள்.

கட்டளை தோற்றால் எச்சரிக்கை மட்டுமே வரும், பிழைச்செய்தி அப்படியே பக்கத்தில் அச்சாகிவிடும். கட்டும்போது 'ஹைஃபன், பெரிய டபிள்யூ' (-W) சேர்த்தால் எச்சரிக்கையும் பிழையாகக் கணக்காகும். கோப்பை அழிக்கும் கட்டளைகளை மட்டும் இதில் வைக்காதீர்கள். அவை நிஜமாகவே ஓடும்!