கை மெதுவாக ஓடும் மாணவர் 3 மணி நேரக் கட்டுரைத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

வலது கை சரியாக இயங்காது, அடுத்த மாதம் கோலாலம்பூரில் தமிழ் இலக்கியத் தாள், 3 மணி நேரத்தில் 3 கட்டுரை என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் முதல் செமஸ்டர்தான் கண்முன் வந்தது. எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கை மெதுவாகத்தான் ஓடும், நாக்கும் கொஞ்சம் குழறும். அந்தத் தேர்வில் மூன்றாவது கட்டுரை பாதியிலேயே நின்றது. பதில் தெரியும். ஆனால் விரல்கள் மடங்கிக்கொண்டன, விரியவே இல்லை. மருத்துவர் கடிதத்தைத் தாமதமாகக் கொடுத்தேன் என்று சொல்லிக் கூடுதல் நேரத்தை மறுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் கடித வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்.

சமூக நலத்துறை தரும் ஓகேயு அட்டையின், அதாவது மாற்றுத்திறனாளி அட்டையின், நகல் மட்டும் போதாது. அதில் நீங்கள் எந்தப் பிரிவு என்று இருக்கும், கை எவ்வளவு நேரம் தாங்கும் என்று இருக்காது. உங்கள் சிறப்பு மருத்துவரிடம் நோயின் பெயரோடு, "20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுத முடியாது, பிறகு 5 நிமிடம் ஓய்வு வேண்டும்" என்கிற மாதிரி எழுதி வாங்குங்கள். கூடுதல் நேரத்தோடு, கடிகாரத்தை நிறுத்திவைத்துத் தரும் ஓய்வையும் கேளுங்கள். வலிக்கிற கைக்குக் கூடுதல் நேரம் மட்டும் கொடுத்தால் வலிதான் நீளும். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசும் தனியார் கல்வி நிலையங்களும் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தரவேண்டும் என்றே சொல்கிறது.

அடுத்து, பாடத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் கையை அளந்து பாருங்கள். நான் ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் எழுதிச் சொற்களை எண்ணினேன். முதல் பத்து நிமிடத்தில் நிமிடத்துக்கு 11 சொல், கடைசிப் பத்து நிமிடத்தில் 5 சொல். சராசரி 8 என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் செமஸ்டரில் எனக்கு 45 நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது, ஆக ஒரு கட்டுரைக்கு 75 நிமிடம். யோசித்துக் குறிப்பெடுக்கப் 10, கைக்கு ஓய்வு 15 போக மிச்சம் 50 நிமிடம். 400 சொல். என் கட்டுரையின் அளவு அதுதான் என்று முடிவு செய்தபிறகு மனசு லேசாகிவிட்டது. பக்கம் நிறைய எழுதுகிற நண்பர்களைப் பார்த்துப் பதறவில்லை. அலங்கார முன்னுரையை விட்டேன். கேள்விக்கு நேரான பதில் முதல் வரியிலேயே, பிறகு மூன்று கருத்து, ஒவ்வொன்றுக்கும் பாடலிலிருந்து ஒரே ஒரு சான்று. பழைய கேள்வித்தாள்களை வைத்து இந்த 400 சொல்லுக்குள் எழுதி எழுதித்தான் பழகினேன். மதிப்பெண் குறையவில்லை.

மூன்றாம் செமஸ்டரிலிருந்து நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதித் தந்தார். நீங்களும் அப்படிக் கேட்பதாக இருந்தால் இதைத் தனியாகப் பழகியே ஆகவேண்டும். வாயால் சொல்லிக் கட்டுரை எழுதுவது வேறு வித்தை. செந்தூல் வீட்டுச் சமையலறை மேசையில் என் தங்கச்சியை உட்காரவைத்துப் பழகினேன். முதல் நாள் நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். நின்றேன், அதற்குள் அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோனது. திரும்ப வாசிக்கச் சொன்னேன். அப்படி வாசிக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் போனது. எழுதினதை வாங்கிப் பார்த்தால் 'கறை' வரவேண்டிய இடத்தில் 'கரை', 'வாழை' இருக்கவேண்டிய இடத்தில் 'வாளை'. அவள்மேல் தப்பில்லை, என் நாக்கில் ழகரம் அப்படித்தான் வரும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைவது எனக்குத்தான்.

அப்போது கைகொடுத்தது தமிழ்ப்பள்ளியில் படித்த எழுத்துப் பெயர்கள். வல்லின றகரம், இடையின ரகரம், சிறப்பு ழகரம், டண்ணகரம் (ண), றன்னகரம் (ன). குழப்பம் வரும் சொல்லுக்கு மட்டும் எழுத்தின் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் ஒருமுறை வாயைத் திறப்பதில்லை. 'புள்ளி', 'புதுப் பத்தி' என்று சத்தமாகச் சொல்வேன். கருத்துகளின் வரிசையை நானே ஒரு தாளில் கிறுக்கி முன்னால் வைத்துக்கொள்வேன், வழி தவறாது. தேர்வில் எழுதப்போகிறவருக்குத் தமிழ் நன்றாக எழுத வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள், முடிந்தால் ஒரு மணி நேரமாவது அவரோடு உட்காருங்கள். நான் வற்புறுத்திக் கேட்டுத்தான் அது கிடைத்தது.

கடைசியாக ஒன்று, குளிர். நம் ஊர்த் தேர்வு அறைகளில் ஏர்கோன் எப்படி என்று உங்களுக்கே தெரியும். குளிர்ந்தால் என் தசை இன்னும் இறுகும். சுவெட்டர் போட்டு, விரல் நுனி வெட்டிய கையுறையும் மாட்டிக்கொள்வேன். கையுறைக்கு முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் முன்னதாக அறையைப் போய்ப் பாருங்கள். முழங்கை முழுசாகப் பதிகிற மேசையா, நாற்காலியோடு ஒட்டிய சின்னப் பலகையா என்று பாருங்கள். பலகை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். எனக்கு மாற்றித் தந்தார்கள்.