பழைய புரொஜெக்டர், இன்றைய கலை: கேள்வி பதில்

கேள்வி: டிஜிட்டல் புரொஜெக்டர் இருக்கும்போது கலைஞர்கள் பழைய மெஷினைத் தேடி அலைவது வெறும் பழமை மோகம்தானே சார்?

பதில்: சிலருக்கு மோகம்தான், மறைப்பானேன். ஆனால் ராட்னி கிரஹாம் 2003இல் செய்த படைப்பைப் பாருங்கள். 1930களின் ரைன்மெட்டல் தட்டச்சுப்பொறி மீது மாவு பொழிந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் பனி மூடியதுபோல் அது புதைந்துவிடுகிறது. படத்தில் ஒலி கிடையாது. அதை ஓட்டுவது விக்டோரியா 8 என்ற பூதாகரமான 35 மி.மீ. சினிமா புரொஜெக்டர். தனி அறையில் ஒளித்துவைக்காமல் பார்வையாளர் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். கடகடவென்று அதன் சத்தம்தான் படத்துக்குப் பின்னணி. காலாவதியான ஒரு மெஷினை இன்னொன்று காட்டுகிறது. புரொஜெக்டரை எடுத்துவிட்டால் பாதிப் படைப்பு போயிற்று.

கேள்வி: ஓவர்ஹெட் புரொஜெக்டரைக்கூட விட்டுவைக்கவில்லையா? வகுப்பில் எங்களைத் தூங்கவைத்த சாமான் அது!

பதில்: காரா வாக்கரின் ‘டார்க்கிடவுன் ரெபெலியன்’ (2001; ரெபெலியன் என்றால் கலவரம்) உங்கள் தூக்கத்தைக் கலைக்கும். அமெரிக்க அடிமைமுறைக் கால உருவங்களைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டி, அவற்றின் மேல் ஓவர்ஹெட் புரொஜெக்டரால் வண்ண ஒளி பாய்ச்சினார். குறுக்கே நடப்பவரின் நிழலும் சுவரில் விழும். வேடிக்கை பார்க்க வந்தவரும் கலவரத்துக்குள்!

கேள்வி: ஸ்லைடு புரொஜெக்டரைக் கண்காட்சியில் மாதக்கணக்கில் ஓட்டினால் ஸ்லைடு வெளுக்காதா?

பதில்: வெளுக்கும். கோடாக்குரோம் என்ற வண்ண ஸ்லைடு ஃபிலிம் இருட்டில் பல்லாண்டு தாங்கும், புரொஜெக்டர் வெளிச்சத்தில் தாங்காது. அதனால் மூலத்தைப் பூட்டிவைத்துவிட்டு நகல்களை ஓட்டுவார்கள். கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை 2004இல் நிறுத்திவிட்டது. உதிரிபாகத்துக்குப் பழைய மெஷினைப் பிரிப்பதே வழி.

கேள்வி: அப்படியானால் டிஜிட்டலுக்கு மாற்றுவது துரோகமா?

பதில்: படைப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆண்டனி மெக்காலின் ‘லைன் டிஸ்கிரைபிங் எ கோன்’ (1973) 16 மி.மீ. படம். ஒரு புள்ளி 30 நிமிடத்தில் முழு வட்டமாகிறது. இடையில் வெறும் காற்றில் ஓர் ஒளிக்கூம்பு எழும்புகிறது. அன்று சிகரெட் புகையும் தூசியும் கூம்பைக் காட்டிக்கொடுத்தன. சுத்தமான அருங்காட்சியகத்தில் அது கண்ணில் படாது, இப்போது புகைமூட்டும் கருவி வைக்கிறார்கள். அவருக்கு வேண்டியது ஒளிக்கற்றை. பின்னாளில் அவரே டிஜிட்டலுக்கு மாறினார். டாசிட்டா டீன் நேரெதிர். 2011இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 13 மீட்டர் உயரத்தில் காட்டிய ‘ஃபிலிம்’ படத்தின் ஜாலங்களை எல்லாம் 35 மி.மீ. கேமராவுக்குள்ளேயே, ஃபிலிமின் ஒரு பகுதியில் மட்டும் ஒளி படும்படி மறைப்பு வைத்து எடுத்தார். அதை டிஜிட்டலில் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: நானும் செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. ஹாலஜன் விளக்கை வெறுங்கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசை அதன் ஆயுளைக் குறைக்கும். ஸ்லைடு என்றால், அட்டைச் சட்டத்தில் ஃபிலிம் சூட்டுக்கு வளைந்து ஃபோகஸ் போகும். கண்ணாடிச் சட்டம் போடுங்கள்.