மோஹிகன்ஸ் படம்: சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் வாங்கினேன். 'தி லாஸ்ட் ஆஃப் த மோஹிகன்ஸ்' நாவலுக்கு அமெரிக்க ஓவியர் என்.சி. வையத் வரைந்தது. காகிதம், ஒன்பது அங்குல உயரம், கையெழுத்தும் இருக்கிறது. அசல்தான், 600 டாலருக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வையத் அந்த நாவலுக்கு வரைந்தது கேன்வாஸில், எண்ணெய் வண்ணத்தில், உங்கள் தாளைவிட மிகப் பெரிதாக. உங்களிடம் இருப்பது ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் 1919இல் வெளியிட்ட பதிப்பிலிருந்தோ அதன் மறுபதிப்பிலிருந்தோ வெட்டியெடுத்த வண்ணத்தாள்.

நகைக்கடையில் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு லென்ஸ், அதைக் கையெழுத்தின் மேல் பிடியுங்கள். கோடு முழுக்கப் புள்ளிகளாக உடைந்தால் அது அச்சு. கண்ணாடி வழியாகவே தெரியும். சட்டத்தைக் கழற்ற வேண்டாம். பழைய தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுத்த இழுப்பில் வண்ணம் உரிந்துவிடும். பிறகு இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடியுங்கள். தாள் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் 1950க்குப் பிந்தைய காகிதம். ஒளிராவிட்டால் 1919 என்று அர்த்தமில்லை. புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்தில் '1919' இருப்பதும் சாட்சியாகாது, மறுபதிப்புகளிலும் அந்த வரி அப்படியே வரும்.

புள்ளி இல்லையென்றால் அசலா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீனாவின் டாஃபென் போன்ற இடங்களில் கையாலேயே எண்ணெய் வண்ணப் பிரதி வரைகிறார்கள். அதில் புள்ளி இருக்காது, தூரிகைத் தடம் இருக்கும். கேன்வாஸில் அச்சடித்து, மேலே பசை தடவித் தடம் போலக் காட்டுவதும் உண்டு. ஆகவே புள்ளி இருந்தால் அச்சு என்று முடிவு கட்டலாம். இல்லாததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

நியூ ஹாம்ப்ஷயரில் பழைய பொருள் கடையில் நான்கு டாலருக்கு ஒரு வையத் ஓவியம் கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது உண்மை. அது 'ரமோனா' நாவலின் 1939 பதிப்புக்காகப் பலகையில் வரைந்தது, 25 அங்குல உயரம். அச்சுத்தாள் அல்ல. அந்தச் செய்தி வந்ததிலிருந்து சான்றிதழ்க்காரர்களுக்குத்தான் நல்ல வியாபாரம்.

அந்தச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். ஏல நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டில் உள்ள பிராண்டிவைன் அருங்காட்சியகம், தெரியவந்த வையத் ஓவியங்களை பட்டியலிட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. படத்தில் இருக்கும் காட்சியை அதில் தேடிப் பாருங்கள். அசலின் அளவும் அங்கேயே இருக்கும். விலை மதிப்பிடக் கொண்டுபோனால், மதிப்பிடுகிறவரே "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்; விலையைக் குறைத்துச் சொன்னால் அவருக்குத்தான் லாபம். ஏலப் பட்டியலில் 'ஆஃப்டர் என்.சி. வையத்' என்று போட்டிருந்தால் அவர் வரைந்தது இல்லை, அவர் படத்தின் நகல் என்று பொருள். நகல் என்று நேராக எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

தரகர் மறுபடி கூப்பிட்டால் லென்ஸைக் கொடுத்து, அந்தக் கையெழுத்தை அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.