வீடு தீப்பற்றியது விபத்து, பழி தம்பி மேல்: என்ன செய்வது?

கேள்வி: வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கும் என் தம்பி பெயின்டர். போன வாரம் ராத்திரி வீடு எரிந்துவிட்டது. ஸ்விட்ச் போர்டில்தான் முதலில் பொறி பறந்தது என்கிறான். அட்வான்ஸ் தகராறில் தின்னர் ஊற்றிக் கொளுத்திவிட்டான் என்று ஹவுஸ் ஓனர் புகார் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம் சகோதரி, ஆனால் வக்கீலோடு. குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 326(ஜி) பிரிவில் ஆயுள்வரை தண்டனை உண்டு. அதனால் ஐகோர்ட் வளாகத்து செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் மனு போடுவதுதான் முதல் வேலை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

அந்தப் பிரிவு கோர்ட்டில் நிற்க வேண்டுமானால், எரிக்கும் எண்ணத்தோடோ எரிந்துவிடும் என்று தெரிந்தோ செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு என்றால் 287, அதிகபட்சம் ஆறு மாதம். அதற்காக "என் கவனக்குறைவுதான்" என்று தம்பி எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. போலீஸ் விசாரணையில் பதிவாகும் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

எனக்குக் கவலை எல்லாம் அந்த எரிந்த வீட்டைப் பற்றித்தான். ஓனர் ஆள் வைத்து அள்ளிவிட்டால் உங்கள் சாட்சியம் குப்பை லாரியில் ஏறிப் போய்விடும். தடயவியல் நிபுணர் பார்க்கும்வரை இடத்தைக் கலைக்கக் கூடாது என்று இன்றே இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீங்களும் எதையும் தொடாமல் வீடியோ மட்டும் எடுங்கள்: ஸ்விட்ச் போர்டு, எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் தானே கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா, ஒயர் முனைகள். முனையில் மட்டும் செம்பு கடுகு மாதிரி உருண்டு, பக்கத்து ஒயர் உருகாமல் இருந்தால் அங்கே மின்பொறி பறந்திருக்கிறது. ஆனால் கரன்ட் ஓடும் ஒயரில் வெளித்தீ பட்டாலும் இப்படி உருளும். ஆகவே தீ எங்கே ஆரம்பித்தது என்ற தடத்தோடு சேர்த்துத்தான் நிபுணர் முடிவு சொல்ல முடியும்.

தின்னருக்குப் பயப்படாதீர்கள். பெயின்டர் வீட்டில் தின்னர் இருக்கத்தான் செய்யும். டின் வைக்கும் மூலையில் மட்டும் இருந்ததா, தரை பூராவுமா என்பதுதான் கேள்வி. மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்தார்களா, தின்னர் படாத இடத்திலிருந்தும் ஒப்பிட மாதிரி எடுத்தார்களா என்று வக்கீல் கிளற வேண்டும். பெயின்ட் கடை பில், மேஸ்திரியின் சாட்சி இரண்டும் கைகொடுக்கும்.

தீயை அணைக்கப் போய்க் கை வெந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் வாங்குங்கள். புகார் வருவதற்கு முன்பே டாக்டரிடம் அவன் சொன்ன காரணம் அதில் இருந்தால் நல்ல பலம். தீயணைப்பு நிலைய அறிக்கையையும் கேளுங்கள்.

ஒருவேளை கைது செய்து ரிமாண்ட் ஆனாலும், 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. ரிமாண்ட் தேதியைக் குறித்து வைத்து, 90 நாள் முடிந்த மறுநாளே மனு போடச் சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த உரிமை போய்விடும்.